காளியாயி கொட்டு

தன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, "குழந்தையோட தாய்மாமன் பொன்னுவேல் சீர் கொண்டு வர்றாரு" என்று அருண்பாண்டியன் சொல்ல வேண்டுமாம். சொல்லப்போகிறவன் யார்? குழந்தையின் அம்மா முருகேஸ்வரிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. உயிரோடு, கை கால் சுகத்தோடு இருக்கிற சொந்தத் தாய்மாமன். ஒருத்தனைச் செருப்பைத் தொடாமலே செருப்பால் அடிக்க இதைவிட வேறு வழி இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

அப்படி அடிப்பதற்கென்றேதான் அக்கா புருஷன் திருமலைச்சாமி அவனைக் கூப்பிட்டிருந்தான். நேராகக் கூப்பிடவில்லை. நாயுடுபுரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் குருநாதனுக்குப் போன் போட்டிருக்கிறான். "வில்பட்டிக்கு மேல ஒரு காதுகுத்துப்பா. டிஜே கேக்குறாங்க. வேற ஆளு வேணாம், ஒன்னத்தான் பேர் சொல்லிக் கேக்குறாங்க" என்று குருநாதன் சொன்னபோது அருண்பாண்டியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான், மடையன். வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்த பிறகுதான் சங்கதி விளங்கியது. குழந்தை வள்ளி. அம்மா முருகேஸ்வரி. தாய்மாமன் என்று போட்ட இடத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டி பொன்னுவேல். பெரியம்மா மகன், திருமலைச்சாமி போடுகிற பூண்டை விலைக்கு எடுக்கிறவன். அண்ணன் முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் இருக்கும்போது பெரியம்மா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துவார்களா? எந்த ஊர் நியாயம் இது?

நியாயம் கேட்கவும் வாயில்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் முருகேஸ்வரிக்கு வளைகாப்பு. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிறந்த வீடென்றால் அருண்பாண்டியன் ஒருத்தன்தான். அவன் வந்து அக்காளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து ஏரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பார்ட்டி. வழக்கமான டிஜே காய்ச்சலில் படுத்துவிட்டான். அதுவரை ஒயர் சுற்றிக்கொண்டும் பெட்டி தூக்கிக்கொண்டும் கிடந்த அருண்பாண்டியனுக்கு முதல்முதலாக டிஜே மெஷினின் சுழல்தட்டில் கை வைக்கச் சந்தர்ப்பம். போனை அணைத்துப் பைக்குள் போட்டான். பார்ட்டி பிய்த்துக்கொண்டு போனது. அங்கே முருகேஸ்வரியை அழைத்துப்போக ஆளில்லாமல், கடைசியில் பொன்னுவேல்தான் காரைக் கொண்டுவந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

'ஒரே ஒரு நாள் வரவில்லை, அதற்கு ஆயுள் தண்டனையா?' என்பது அருண்பாண்டியனின் கட்சி. பிள்ளை பிறந்த பிறகு இரண்டு தடவை பார்க்கப் போனான். இரண்டு தடவையும் திருமலைச்சாமி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். ரோஷம் பொத்துக்கொண்டு வர, மூன்றாம் தடவை போகவில்லை.

இப்போது போகாமல் இருந்தால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். போனால் வெட்கங்கெட்டவன் என்பார்கள். வெட்கங்கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும், எப்படி நடக்கவில்லை என்று பார்த்துவிடுகிறேன் என்று குட்டியானை வண்டியில் பெட்டிகளை ஏற்றினான். கோடி வேட்டியும் கட்டிக்கொண்டான்.

வெள்ளனே ஆறு மணிக்கெல்லாம் ஊருக்குள் போய்விட்டான். கோயில் முன்னால் பந்தல். மேகம் இறங்கி ஆள் முகம் தெரியாமல் கிடந்தது. வண்டிச் சத்தம் கேட்டுத் திருமலைச்சாமி துண்டை உதறிக்கொண்டு வந்தான்.

"ஏலே டிஜே, பொட்டிய அங்கிட்டு எறக்கு. சமையக்கட்டுப் பக்கம்."

"அங்க ஒரே பொகையா கெடக்கு மாமா. மெஷினுக்கு ஆகாது."

"யாருக்கு யாருடா மாமா? கூலிக்கு வந்தவன் கூலிக்காரனா இரு. வெரசா எறக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அருண்பாண்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பீக்கரைத் தூக்கித் தோளில் வைத்தான். பந்தலில் கொட்டுக்காரர்கள் யாரையும் காணோம். திருமலைச்சாமியின் அம்மா அன்னக்கொடிக்கும் அதே விசாரம்தான்.

"கொட்டு இல்லாமச் சீர் எடுக்குறது எந்த ஊர்லடா? மூக்கையா செட்டுக்குச் சொல்லலையா?"

"எதுக்கும்மா? அதான் இவன வரச் சொல்லிருக்கேன்ல. ஒத்த ஆளு, பத்து மேளம். கொட்டு, உறுமி எல்லாம் இவன் பொட்டிக்குள்ளயே கெடக்காம்." சொல்லிவிட்டு அருண்பாண்டியன் பக்கம் திரும்பினான். "சீர் வரும்போது கொட்டுச் சத்தம் கேக்கணும். கேக்கல, பொட்டியோட பள்ளத்துல உருட்டி விட்ருவேன்."

அன்னக்கொடி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். கொட்டு ஆள் அடிக்க வேண்டும், அப்போதுதான் அது கொட்டு என்பது அவள் எண்ணம். அவள் சொன்னதை மகன் கேட்டிருந்தால் அன்றைக்கு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

வேலையை ஆரம்பித்தான். டிஜே என்றால் பாட்டைத் தட்டிவிட்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறவன் என்று நினைக்கிற மூடர்கள் நாட்டில் அதிகம். பாட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போனது ஆடுகிற காலுக்குத் தெரியக்கூடாது, அதுதான் தொழில். ஒரு காதில் ஹெட்போன், அதில் அடுத்து வரப்போகிற பாட்டு. இன்னொரு காதில் ஊர் கேட்கிற பாட்டு. இரண்டின் தாளமும் ஒன்றாகிற வரை விரலால் தட்டைத் தள்ளியும் பிடித்தும் சரிக்கட்ட வேண்டும். அப்புறம் பழையதின் கனத்தைக் குறைத்துப் புதியதின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது கண் மெஷினில் இருக்கக்கூடாது. கூட்டத்தின் காலில் இருக்க வேண்டும். முகம் பொய் சொல்லும், மொய் வைக்க வந்தவனெல்லாம் சிரித்துக்கொண்டுதான் நிற்பான். கால் பொய் சொல்லாது.

அன்றைக்கும் அவன் காலைத்தான் பார்த்தான். எட்டு மணிக்குச் சாமி பாட்டு. கிழவர்களின் பாதங்கள் சும்மா கிடந்தன. எட்டரைக்கு மெதுவான நாட்டுப்பாட்டு. பூண்டு உரிக்கிற பெண்களின் கட்டைவிரல் மெல்ல எழும்பியது. ஒன்பதுக்குள் குதிகால்கள் தரையை விட்டுவிட்டன. அதற்கு மேல் ஏற்றினால் சமையல்காரனும் கரண்டியைப் போட்டுவிட்டு ஆட வந்துவிடுவான். அங்கேயே நிறுத்திப் பிடித்தான். இத்தனை பகைக்கு நடுவிலும் கை தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது.

முருகேஸ்வரி கோயில் படியோரம் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறான். இளைத்திருந்தாள். பிள்ளை அக்காளை உரித்து வைத்திருந்தது, அதே அகல நெற்றி. தம்பி நிற்கிற பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஒரு தடவை கூட.

ஒன்பதரைக்குத் தெருமுனையில் பொன்னுவேலின் கார் வந்து நின்றது. பின்னால் இரண்டு வண்டி நிறையச் சொந்தக்காரர்கள். தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப் பாவாடை, மாலை, கொம்பில் பூச்சுற்றிய ஆட்டுக்கிடா. திருமலைச்சாமி ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து மிக்சரின் மேல் வைத்தான்.

"எழுதினத அப்படியே படி. ஒரு எழுத்துக் கொறையக் கூடாது."

"வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க."

"ஏன், நாக்கு வரலையோ? அன்னைக்கு எம்பொண்டாட்டிய அம்போனு விட்டுட்டு எவளோ ஆடுறதுக்குப் பாட்டுப் போடப் போனேல்ல, அந்த வாய் இன்னைக்கு எங்க போச்சு? படிடா."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அருண்பாண்டியன் படித்தான். "குழந்தை வள்ளியோட தாய்மாமன்..." மைக்கை அடுத்த கைக்கு மாற்றினான். "தாய்மாமன் பொன்னுவேல் அவர்கள் சீர் கொண்டு வர்றாங்க. உறவுமுறை எல்லாரும் எதிர்கொண்டு அழைக்கணும்." ஸ்பீக்கர் அதை மலை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எதிர் மலை திருப்பி ஒரு தடவை வேறு சொல்லிக் காட்டியது.

பொன்னுவேல் வெள்ளைச் சட்டை மினுங்க நடந்து வந்தான். நேராகப் பந்தலுக்குப் போயிருக்கலாமே? மாட்டான். பெட்டிப் பக்கம் வந்து நின்றான்.

"சத்தம் கணீர்னு இருக்கே தம்பி. மண்டியில ஏலம் கூற ஒன்ன மாதிரி ஒரு ஆளு வேணும். சோலி இல்லேன்னா வாடா, போட்டுக் கொடுக்குறேன்."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, தெருமுனையில் காத்திருந்த தன் ஆட்களை நோக்கித் திரும்பி நடந்தான். "கொட்டப் போடுடா!" என்று பந்தலிலிருந்து திருமலைச்சாமி கத்தினான்.

அருண்பாண்டியன் லேப்டாப்பில் கொட்டுச் சத்தங்கள் கிடந்த இடத்தைத் திறந்தான். கடையில் கிடைக்கிற கொட்டு ஏழெட்டு இருந்தது. அதற்கும் கீழே ஒன்று, 'காளியாயி' என்ற பெயரில். விரல் அங்கே போய் நின்றுவிட்டது.

போன வருஷம் பிறந்த ஊர்த் திருவிழாவில் அவனே போனில் பிடித்தது. மூக்கையா செட்டு அடிக்கிற காளியாயி கொட்டு. அது அவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுகிற அடி. வேறு எந்த விசேஷத்துக்கும் அடிக்க மாட்டார்கள். அந்த அடி கேட்டால் பதினாறு வயதிலிருந்து முருகேஸ்வரிக்குச் சாமி வரும். வந்தால் எட்டுப் பேர் பிடித்தாலும் நிற்க மாட்டாள். பிறந்த வீட்டுச் சாமி அல்லவா, பிறந்த வீட்டைத்தான் கேட்கும். ஊர் நடுவில் காளியாயி வந்து 'எங்கடா எம்பையன்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அதைத் தட்டத் திருமலைச்சாமியால் அல்ல, அவன் அப்பனால்கூட முடியாது.

சாமியைக் கூலிக்குக் கூப்பிடுவது பாவம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தான். வயிற்றெரிச்சல் கண்ணை மறைத்தது.

முதலில் கடைக் கொட்டைப் போட்டான். சீர் நகர ஆரம்பித்தது. ஹெட்போனில் காளியாயி. மூக்கையா ஆட்கள் கடிகாரத்துக்கு அடிக்கிறவர்கள் அல்ல. நாலு அடி நிதானம், எட்டாம் அடியில் வேகம், மூச்சு வாங்கினால் மறுபடி நிதானம். அதை மெஷின் தாளத்தோடு சேர்ப்பது துள்ளுகிற கன்றைத் தும்பில் பிடிக்கிற மாதிரிதான். கட்டைவிரலால் தட்டை நெருக்கிப் பிடித்தான். ஒன்றானதும் உறுமியை மட்டும் அடியில் கசிய விட்டான். யாருக்கும் தெரியவில்லை. பிறகு கனத்தை ஒரு சுற்று ஏற்றினான். பிறகு இன்னொரு சுற்று. கடைக் கொட்டு தேய்ந்து மறைந்தது, காளியாயி கொட்டு மட்டும் நின்றது.

படியோரத்தில் முருகேஸ்வரியின் தோள் ஒரு தடவை வெட்டியது.

பிள்ளையை மாமியார் கையில் திணித்தாள். கொண்டையைப் பிய்த்து விட்டாள். "ஆஆய்!" என்று ஒரு சத்தம். பொன்னுவேல் ஆட்கள் தட்டோடு அப்படியே நின்றார்கள். பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஏ, சாமிடி! சாமி வந்துருச்சு!"

"வேப்பெலை எடு! மஞ்சத்தண்ணி கொண்டாடி!"

அன்னக்கொடி பிள்ளையோடு மண்டியிட்டாள். "தாயி, யாரு வந்திருக்கது? சொல்லு தாயி."

"காளியாயி வந்திருக்கேன்டி! கூப்பிட்டாங்க, வந்திருக்கேன்!"

அருண்பாண்டியனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கெட்டிக்காரன்டா நீ என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

முருகேஸ்வரி ஆடிக்கொண்டே நேராகப் புருஷனிடம் போனாள். அவன் துண்டு தன்னால் இடுப்புக்கு இறங்கியது.

"ஏலே திருமல! எம்புள்ளைக்கு எவன் மடின்னு பெத்தவளக் கேட்டியாடா? பூண்டு மூட்டையோட சேத்துப் புள்ளையவும் மண்டிக்கு ஏத்தி விட்டியா? நல்ல வெலைக்கு எடுக்குறான்னு மடியையும் அவனுக்கே ஏலம் விட்டியா?"

"தாயி, தப்பு தாயி..." திருமலைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"நீ வாடா இங்க!" பொன்னுவேல் அடி எடுத்து வைக்கவில்லை. "கார் கொண்டாந்த. வாஸ்தவம். மறக்கல. அன்னையிலருந்து நல்லதுக்கும் பொல்லதுக்கும் அந்தக் காரச் சொல்லிக் காட்டுறியே, வந்து சோறு திங்கிற பந்தியிலயும் சொல்லிக் காட்டுறியே, நான் கும்பிடுற சாமியா அது?"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பொன்னுவேலின் முகம் கறுத்தது. அருண்பாண்டியன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். அடுத்தது தன்னைத்தான் கூப்பிடும். போய் மணையில் உட்கார வேண்டியதுதான்.

கூப்பிட்டது.

"ஏலே, பொட்டிக்காரா!"

முருகேஸ்வரி சமையல் புகைக்குள் புகுந்து மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். அவளை அவன் இத்தனை கிட்டத்தில் பார்த்தே நாலு வருஷம்.

"கோயில்ல கெடக்கிறவளப் பொட்டியில அடச்சுக் கொண்டாந்து ஒன் வஞ்சத்துக்கு ஆடச் சொல்றியா? நான் என்ன ஓங்கிட்டக் கூலிக்கு வந்தவளாடா?"

"தாயி..."

"வாய மூடு! முழங்கை வரைக்கும் வளையலப் போட்டுக்கிட்டு, வெளக்கு வைக்கிற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தாளே, எங்கடா போன? வந்தவங்கள்லாம் சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போறப்ப, 'ஒனக்குப் பொறந்த வீட்டுல நாதியில்லையா'ன்னு கேட்டுட்டுப் போனாங்களே, அது ஒன் காதுல விழுந்துச்சா? காதுலதான் எந்நேரமும் அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டுத் திரியிறியே!"

ஹெட்போன் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றவும் கை வரவில்லை.

"ரெண்டு தடவ வந்தியாம். வாசல்ல எவனோ நிறுத்துனானாம். ஒடனே ரோஷம் வந்துருச்சாம்ல தொரைக்கு! கொல்லப்பக்கம் அடுப்படி இருக்கிறது தெரியாதா? அங்கதானடா நாள் முழுக்கக் கெடக்கா அவ! ஒரு போன் பண்ணத் தெரியாதா? மூணாந்தடவ ஏன்டா வரல?"

தலை குனிந்தான். குனிந்த கண்ணில் அவள் பாதம் பட்டது.

பாதம் தாளத்தில் இல்லை.

காளியாயி வந்து முருகேஸ்வரி ஆடுவதைச் சின்ன வயதிலிருந்து எத்தனை திருவிழாவில் பார்த்திருக்கிறான். கொட்டுக்கு அரை மாத்திரை முன்னேயும் விழாது, பின்னேயும் விழாது அந்தக் கால். இப்போது குதிகால் இஷ்டத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. தோள்தான் பழக்கத்தில் குலுங்கியது. நிமிர்ந்து கண்ணைப் பார்த்தான். சாமிக் கண் இல்லை அது. தண்ணீர் முட்டி நிற்கிற அக்காளின் கண்.

சாமி வரவே இல்லை. பெட்டிக்குள்ளிருந்து வருகிற கொட்டுக்கு அது வருமா என்ன? வந்ததாகச் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு, நாலு வருஷமாக அடுப்படியில் விழுங்கினதை எல்லாம் முருகேஸ்வரியேதான் கக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் பேசினால் ஒரு அறையில் அடக்கிவிடுவார்கள். காளியாயி பேசினால் கைகட்டிக் கேட்கத்தான் வேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவனுக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கங்கடா! இவன் மடியும் வேணாம், அவன் மடியும் வேணாம். பெத்தவ மடியில வச்சுக் குத்துங்க! அதுதான் காளியாயி வாக்கு!"

பெற்றவள் மடியில் காது குத்துவதா? அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. முருகேஸ்வரி மாமியாரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கினாள். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திருமலைச்சாமி முகத்தைப் பார்த்தார்.

திருமலைச்சாமி முட்டாள் அல்ல. விறுவிறு என்று பெட்டிப் பக்கம் வந்தான். குரல் அடியோடு மாறியிருந்தது.

"மாப்ள, பாட்ட நிறுத்துடா."

அருண்பாண்டியன் திரையைப் பார்த்தான்.

"கொட்டு நின்னா எறங்கிருவா. அப்புறம் நான் பாத்துக்கிறேன். பொன்னுவேலு கெடக்கான், சீரோட திருப்பி அனுப்பிடுறேன். ஒன் மடியிலயே வச்சுக் குத்தச் சொல்றேன், எங்காத்தா மேல சத்தியமா. ஊரு சிரிக்குதுடா. நிறுத்து!"

இதற்காகத்தானே வந்தான்? கோடி வேட்டி கட்டிக்கொண்டு, புகையைத் தின்றுகொண்டு, தன் வாயாலேயே இன்னொருத்தனைத் தாய்மாமன் என்று கூவிக்கொண்டு நின்றதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே? மடி கிடைத்துவிட்டது. ஒரு விரலை இறக்கினால் போதும். அவன் இறக்க வேண்டிய தேவைகூட இல்லை. திரையில் இன்னும் பதினாறு வினாடிதான் பாக்கி. போன வருஷம் அந்த இடத்தில் போன் வந்து பதிவு அறுந்துபோயிருந்தது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே கொட்டு தானாக நின்றுவிடும், மடியும் தானாக வந்து சேரும்.

அவன் மணையைப் பார்த்தான். முருகேஸ்வரி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக. கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. சும்மா பார்த்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியிருந்தது.

பத்து வினாடி. அருண்பாண்டியன் ஹெட்போனைக் காதில் அழுத்தினான். மூக்கையா மூச்சு வாங்குகிற ஒரு இடம் நடுவில் உண்டு. பதிவைப் பின்னால் இழுத்து அந்த மூச்சில் சேர்த்தால்தான் ஒட்டுத் தெரியாது. அரை அடி தவறினாலும் கொட்டு நொண்டும், அன்னக்கொடி மாதிரி கொட்டுக் கேட்டு வளர்ந்த காது கண்டுபிடித்துவிடும். ஐந்து. நாலு. விரலைத் தட்டில் வைத்து இழுத்தான்.

கொட்டு நொண்டவில்லை. மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது.

"ஏலே! நாயே!" என்று திருமலைச்சாமி மேஜைக்கு மேல் பாய்ந்தான். ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினான். அருண்பாண்டியன் ஒரு கையைத் தட்டிலிருந்து எடுக்காமல் இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"தொட்டீங்க, மைக்கப் போட்ருவேன். சாமி கொட்ட நிறுத்தச் சொல்றீங்கன்னு ஊருக்கே சொல்லிருவேன்."

சொல்லத் தேவையே இருக்கவில்லை. அன்னக்கொடி பார்த்துவிட்டாள். "அடேய் பாவி! சாமி நிக்கிறப்பக் கொட்டுல கை வைக்கிறியா? குடும்பம் வெளங்குமாடா? இங்கிட்டு வாடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். நாலு பேர் வந்து திருமலைச்சாமியை இழுத்துப் போனார்கள்.

ஆசாரி கும்பிட்டுவிட்டுக் குனிந்தார். வள்ளி வீரிட்டாள். அம்மா வாழைப்பழத்தை வாயில் ஊட்டினாள், துப்பிவிட்டு மறுபடி வீரிட்டாள். இரண்டாவது காது. அருண்பாண்டியன் அதைப் பார்க்கவில்லை. மூச்சு வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு மூன்றாம் தடவை இழுத்தான், நாலாம் தடவை இழுத்தான். புகையோ என்னவோ, கண் எரிந்தது.

பொன்னுவேல் சீர்த் தட்டுகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, கிடாயையும் ஓட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது.

முருகேஸ்வரி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தாள். தலையை அள்ளி முடிந்திருந்தாள்.

"போதும். நிறுத்து."

நிறுத்தினான். ஸ்பீக்கருக்குள் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எனக்குச் சாமி வரலன்னு ஒனக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள், தணிந்த குரலில்.

"ம்."

"தெரிஞ்சுமா அடிச்ச?"

அவன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். "மாமா ஒன்ன அடிக்கப் போறாருக்கா."

"காளியாயி வந்த ஒடம்புல கை வைக்க ரெண்டு மாசத்துக்குத் தைரியம் வராது. அதுக்கப்புறம் பாத்துக்கலாம். அத நெனச்சு நீ ஒண்ணும் உருக வேணாம்." வள்ளி விசும்பிக்கொண்டே அவனைப் பார்த்தாள். காது மடலில் ஒரு பொட்டு ரத்தம். அவன் கையை நீட்டினான். முருகேஸ்வரி பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பத்திரிகையில அவன் பேரப் போட்டதும் எனக்குத் தெரியும். ஒன்ன இங்க கூப்பிட்டிருக்கதும் எனக்குத் தெரியும்" என்றாள். "நேத்து ராத்திரி வரைக்கும் நெனச்சேன்லே. கூலிக்கு வரமாட்டான், வெறுங்கையோட வருவான், கொல்லப்பக்கம் வந்து அக்கான்னு ஒரு சத்தம் குடுப்பான்னு. நீ மட்டும் குடுத்திருந்தா, எவன் வெட்ட வந்தாலும் ஒன் மடியிலதான்டா உக்கார வச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனாள்.